நீலப் பல்புக்கு நான் போட்ட ஒன்பதரை

பாட்டுக்கு மார்க் போடும் தகுதி எனக்குக் கிடையாது. இதை இன்றைக்குப் பணிவாகச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை, இந்தப் பூமியில் அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். (நம்பியதோடு நிற்காமல் முகப்பேர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.)

'நீலப் பல்பு' என்று ஒரு ஜோடி. ஜெரால்டு அண்ணன் கீபோர்டு, சுகந்தி அக்கா குரல். அம்பத்தூர் மாதா கோயில் பாடற்குழுவில் பழகியவர்கள். மேளம், கிடார் எதுவும் கிடையாது. கீபோர்டும் எந்திரத் தாளமும் மட்டும்தான். சிந்த்பாப் என்பார்கள். மொத்தமே நாலு பாட்டுதான் போட்டார்கள். கல்லூரியில் நான் வைத்த அரியரும் நாலு. பாட்டுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பிரிந்துவிட்டார்கள். காதலும் இல்லை, காசும் இல்லை, வேகம்தான் காரணம். ஜெரால்டு அண்ணனுக்குப் பாட்டு ஊர்ந்து போக வேண்டும், சுகந்தி அக்காவுக்கு ஓட வேண்டும். ஒரு மேடையில், மைக்கை அணைக்காமலே, "நீ பாட்டு போடுறியா, தாலாட்டு போடுறியா?" என்று அக்கா கேட்டுவிட்டார். அண்ணன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்தான். ஆறு வருஷம் ஆளுக்கொரு திசை.

அந்த ஆறு வருஷமும் ரசிகர் குழு என்று ஒன்றைக் கட்டிக் காத்தது நாங்கள் பன்னிரண்டு பேர். தலைவி நான். (தேர்தல் நடக்கவில்லை. வேறு யாரும் கேட்கவும் இல்லை.) அப்படி இருக்கும்போது ஒரு நாள் அவர்களுடைய இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. 'ஞாயிறு மாலை நாலு மணிக்குப் புதுப் பாட்டு. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இது உங்களுக்குப் பிடித்தால் சேர்ந்திருப்போம். இல்லையென்றால் அவரவர் வேலையைப் பார்ப்போம்.'

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷம் கழித்து வருகிறார்கள், அதுவும் எங்கள் தீர்ப்பை நம்பி வருகிறார்கள்! குழுவுக்கு உடனே சட்டம் போட்டேன். யாரும் தனியாகக் கேட்கக் கூடாது, எல்லோரும் என் வீட்டில் கூடி ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஒருவர் கருத்து இன்னொருவரைக் கெடுக்காமலிருக்க எல்லோர் போனும் மம்மியின் மாவுச் சம்படத்துக்குள் போய்விட வேண்டும். கேட்ட சூட்டோடு சீட்டில் மார்க் எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் எங்கள் விமர்சனம் அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரில் முதல் விமர்சனம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் லட்சியம்.

காலைப் பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையைக்கூட நான் மாற்றவில்லை. மூன்று மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மண்ணூர்பேட்டை லேத் பட்டறையில் வேலை செய்யும் செல்வம் அண்ணன் வந்ததும் வராததுமாக, "தங்கச்சி, கை காலெல்லாம் ஆடுதும்மா. என் கல்யாணத்தன்னிக்குக் கூட இப்டி இல்ல" என்றார். ஐயப்பன்தாங்கலிலிருந்து ரங்கநாதன் சார் வந்திருந்தார். குழுவிலேயே மூத்தவர். எதற்கும் முழு மார்க் போடமாட்டார். ஏழே முக்கால், எட்டேகால் என்று தராசில் நிறுத்துத்தான் போடுவார்.

பன்னிரண்டில் பதினோரு போன் சம்படத்துக்குள் போயின. மூடியின் மேல் மம்மி உட்காரவில்லை, அவ்வளவுதான். என் போனை ஸ்பீக்கரோடு இணைத்தேன். நாலு மணி.

பாட்டு ஆரம்பித்தது. ஐயோ, என்ன ஓட்டம்! தாளம் தடதடவென்று வருகிறது, கீபோர்டு துள்ளுகிறது, அக்கா வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கிறது. செல்வம் அண்ணன் எழுந்து ஆடத் தொடங்கினார். நான் சோபா மேல் ஏறிவிட்டேன். முடிந்தபோது ஹாலே கைதட்டியது.

ரங்கநாதன் சார் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷப் பாட்டுன்னு போட்டிருந்தாங்களே? நாலுலயே முடிஞ்சிடுச்சு."

"நல்ல பாட்டுன்னா நேரம் போறதே தெரியாது சார்" என்றேன்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டாடி, "ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி பாடுது?" என்று கேட்டார்.

"டாடி, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. பேசாம இருங்க."

சீட்டுகளைப் பிரித்தோம். ஒன்பது, ஒன்பதேகால், பத்து, பத்து. ரங்கநாதன் சாரே ஒன்பதே முக்கால் போட்டிருந்தார். தலைவி நடுநிலையோடு இருக்க வேண்டுமே என்பதற்காக நான் ஒன்பதரையோடு கையை அடக்கிக்கொண்டேன்.

பிறகு விமர்சனம் எழுதினேன். அதை இன்று படித்தாலும் காது சிவக்கிறது. 'மூச்சு விடாமல் பாடும் சுகந்தி அக்காவின் குரலில் ஆறு வருஷத்து ஆத்திரம் தெரிகிறது' என்றேன். 'வேகத்தின் போரில் கடைசியில் அக்காதான் ஜெயித்திருக்கிறார்' என்றேன். அதோடு விட்டேனா? 'தூக்க மாத்திரை விற்பதை நிறுத்திவிட்டு ஓடக் கற்றுக்கொண்ட ஜெரால்டு அண்ணனுக்கு நன்றி' என்றும் எழுதி, பன்னிரண்டு பேர் பெயரும் போட்டு, என் போன் நம்பரும் கொடுத்து, நாலரைக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். முதல் விமர்சனம் நம்முடையதே!

எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மம்மி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் மூன்று மாடியும் ஏறி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார் செல்வம் அண்ணன். பின்னாலேயே ரங்கநாதன் சாரும்.

"தங்கச்சி, என் போனுக்கு இன்னா ஆச்சின்னு தெர்ல. பாட்டு நொண்டிக்கினு வருது. சார்ஜு கம்மியா கீதே, அதனாலயா?"

"என் போன்ல சார்ஜ் முழுசா இருக்கு. இதுலயும் அப்படித்தான் வருது" என்றார் ரங்கநாதன் சார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

போட்டுக் காட்டினார்கள். அதே பாட்டு, அதே வரிகள். ஆனால் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வருகிறது. என் போனை எடுத்துப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: 1.25.

ஆபீசில் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று பாதுகாப்புப் பயிற்சி வீடியோக்கள் அனுப்புவார்கள். 'தீப்பிடித்தால் ஓட வேண்டும்' என்பதை இரண்டு மணி நேரம் சொல்வார்கள். அதனால் நான் எல்லாவற்றையும் ஒன்றேகால் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதே செயலியில் பாட்டைப் போடும்போது அதை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு ஆளிடமாவது போன் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பதினோரு போனையும் சம்படத்தில் அடைத்த புத்திசாலி யார் என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

விமர்சனத்தை நீக்கலாம் என்று விரலை வைக்கும்போதே போன் அடித்தது.

"பெனிட்டாவா? சுகந்தி பேசுறேன்." ஆறு வருஷமாக நான் கனவு கண்ட அழைப்பு! "ஏம்மா, நீங்கள்லாம் நெஜமாவே எங்க பாட்டைக் கேட்டீங்களா? மூச்சு விடாம நான் எங்கம்மா பாடினேன்? ஜெரால்டுக்காகத்தான் இந்த வாட்டி மெதுவா பாடவே ஒத்துக்கிட்டேன். நீங்க நக்கல் பண்றீங்கன்னு நெனச்சு கீபோர்டை உறையில போட்டு ஜிப்பை இழுத்து மூடிட்டான். 'நான் வேலையைப் பாக்குறேன், நீயும் பாரு'ங்கிறான்."

அழுதேனா கத்தினேனா என்று ஞாபகமில்லை. "அக்கா, அண்ணனை எங்கேயும் விட்றாதீங்க, இதோ வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

செல்வம் அண்ணன் ஸ்கூட்டரின் பின்னால் பட்டுப்புடவையோடு ஏறிக்கொண்டேன். எஸ்டேட் சாலையில் ஒரு லாரியையும் மதிக்காமல் போனார். "கவலப்படாத. அண்ணாத்த கால்ல நானும் வுழறேன். ரெண்டு பேர் வுழுந்தா மன்னிச்சிடுவாரு."

அம்பத்தூரில் ஜெரால்டு அண்ணன் வீட்டு மாடியறை. லுங்கியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூடிய கீபோர்டு பக்கத்தில் சுகந்தி அக்கா. நான் எந்த முன்னுரையும் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்: பயிற்சி வீடியோ, சம்படம், ஒன்றேகால், டாடி சொன்ன பஸ் உட்பட. அண்ணன் நம்பவில்லை. போனை நீட்டி, ஒன்றேகாலிலேயே போட்டுக் காட்டினேன்.

முதல் தடவை அசையாமல் கேட்டார். சுகந்தி அக்காவின் கால் மட்டும் தானாகத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அண்ணன், "திரும்பப் போடு" என்றார். போட்டேன். மூன்றாம் தடவை நடுவில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது சரணத்துல தாளம் இடிக்குது" என்றார் அண்ணன், கீபோர்டை வெளியே எடுத்தபடி. "மத்தபடி இந்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணேகால்லேர்ந்து ஒரு சிட்டிகை கம்மி பண்ணா சரியா இருக்கும்."

"ஓட விடுன்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே இதைத்தானேடா சொன்னேன்!" என்று அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். செல்வம் அண்ணன் கைதட்டி விசிலே அடித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் ஜெரால்டு அண்ணன் என்னைப் பார்த்து. "நாங்க போட்ட மாதிரியே ஒரு வாட்டி கேட்டுட்டுப் போ."

கேட்டேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அக்கா மெதுவாக மூச்சு விடுகிறார். கீபோர்டு அந்த மூச்சு முடியும்வரை காத்திருக்கிறது. ஆறு வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேர் அந்த இடைவெளியில் பேசிக்கொண்டார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா மார்க் எவ்வளவு என்று கேட்டார். இனி மார்க்கே போடுவதில்லை என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் அதே பாட்டு இரண்டாவதாக ஓட்ட வடிவத்தில் வந்தது. தலைப்புக்குப் பக்கத்தில் 'பெனிட்டா ஸ்பீடு' என்று போட்டிருந்தார்கள். இன்று நீலப் பல்பு மேடை ஏறினால் கூட்டம் அதைத்தான் கேட்டுக் கத்துகிறது. எங்கள் வீட்டில் அது ஓர் அளவையாகவே ஆகிவிட்டது. மம்மி ஜெபமாலையை விரட்டினால், "பெனிட்டா ஸ்பீடுல போகுது, மாதாவுக்கே மூச்சு வாங்கும்" என்கிறார் டாடி.

போன வருஷம் என் கல்யாணம். பீடத்தின் முன்னால் நிற்கிறேன். ஃபாதர் நிறுத்தி நிதானமாக, "மகளே, இவரை உன் கணவராக..." என்று ஆரம்பித்தார். பதற்றத்தில் நான், "சம்மதம் ஃபாதர்!" என்றேன். கடைசி வரிசையிலிருந்து செல்வம் அண்ணன் குரல் வந்தது:

"சாமி, அது ஒண்ணேகால்ல ஓடுது! கொஞ்சம் கொறச்சி வச்சிக் கேளுங்க!"

ஃபாதர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீடியோவில் அந்த இடத்தை என் கணவர் வாரம் ஒரு முறையாவது போட்டுப் பார்க்கிறார். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், கேள்வி முடிவதற்குள் நான்தான் பதில் சொல்கிறேன்.