இரண்டு துளை பின்னே

இன்றைக்கு எப்படியும் மனைவிக்குப் பக்கத்தில்தான் நடப்பது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சும்மாவா பின்னே? வீல்சேரை ஆளுக்கேற்றபடி அமைத்துத் தருவதில் சிறந்தவர் என்று, அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மேடை போட்டுப் பரிசு கொடுக்கிறார்கள். அங்கேயும் அவள் வீல்சேரில் முன்னால் பறக்க, இவர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவதா? தெருவில் அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோய்விட்டது. ‘பின்னாடி வர்றவர்’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

வேலையில் மனிதர் ராஜா. ஆளை உட்காரவைத்து இடுப்பு அகலம், தொடை நீளம், தோளின் வலு எல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். ஆளுக்குத்தான் நாற்காலி, நாற்காலிக்கு ஆள் இல்லை என்பார். அவர் அமைத்ததிலேயே உச்சம் மனைவியின் வண்டிதான். ஒரு தள்ளு தள்ளினால் தெருக்கோடி. யாரும் தன்னைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று அவள் சொன்னதால், பின்புறக் கைப்பிடிகளைக்கூடக் கழற்றிவிட்டார். அந்தப் பெருமைதான் இப்போது தினமும் அவரை விட்டுவிட்டு ஓடுகிறது.

காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வண்டியைத் துடைத்துத் தருகிறேன் என்று கூடத்துக்கு உருட்டிப் போனவர், சட்டத்தில் வரிசையாக இருக்கும் அச்சுத் துளைகளில், பின்சக்கரங்களை இரண்டு துளை பின்னே தள்ளி மாட்டினார். பிரேக்கையும் கூடவே நகர்த்தினார். சக்கரம் பின்னே போனால் வண்டி கனக்கும், கைக்குச் சரியாக எட்டாது, வேகம் தானாகக் குறையும். வண்டியைக் கட்டிலருகே விட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே மீசைக்கு மை பூசப் போனார்.

தெருவில் இறங்கி நாலு தள்ளு தள்ளியதும் அவள் நின்றாள்.

“என்னங்க, இன்னிக்கு என்னமோ கனக்குது. தோள் வலிக்குது. கொஞ்சம் தள்ளிவிடுங்களேன்.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? கைப்பிடியோ இல்லை. முதுகுச் சட்டத்தைப் பிடித்து, பாதியாக வளைந்து, ஆஸ்பத்திரி மேடு முழுக்கத் தள்ளினார். அவள் அங்கங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, எதிரே வந்தவர்களிடமெல்லாம் இது இவர் கைவேலைதான் என்று பூரித்துப் பேசினாள். அதைக் கேட்டு அவருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. முதுகுதான் நிமிரவில்லை. வியர்வையில் மீசை மை தாடைக்கு இறங்கியது.

மண்டப வாசலில் மேலாளர் எட்டிப் பார்த்து, “வாங்கம்மா, அவர் எங்கே காணோம்?” என்றார். முதுகுப்பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் எழுந்து ஆடியது.

அப்போதுதான் அவர் கண்ணில் சக்கரம் பட்டது. பழைய துளையிலேயே இருந்தது.

“இதை எப்ப மாத்தின?”

“நீங்க மை பூசிட்டிருந்தப்ப. உங்களைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதானே.”

“அப்புறம் ஏன் இந்தக் கனம் கனத்துச்சு?”

அவள் பிரேக்கின் மேல் வைத்திருந்த விரலை எடுத்தாள். “நீங்க அமைச்ச பிரேக் இல்லீங்களா? லேசாத் தொட்டாலே என்னமாப் பிடிக்குது.”

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறும் சாய்தளத்தில் கால் வைப்பதற்குள், ஒரே தள்ளில் அவள் மேடையில் இருந்தாள். பரிசை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெருமை பொங்க மைக்கைப் பிடித்தாள்.

“கொஞ்சம் பொறுங்க. பின்னாடி வர்றார்.”