தவராஜாவின் சனிக்கிழமையும் இரண்டு கினிப்பன்றிகளும்

இனிமேல் எந்தச் சனிக்கிழமையும் எந்த விசேஷ ஹோலுக்கும் போவதில்லை. தவராஜா இந்த முடிவை எடுத்தது ஒரு ஞாயிறு காலையில். முதல்நாள் கட்டிய டையின் அடையாளம் கழுத்தில் இன்னும் சிவந்து கிடந்தது.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கிழமையில் ஐந்து நாளும் விடிய நாலு மணிக்கு எழும்பி இறைச்சித் தொழிற்சாலைக்குப் போகிற மனுசன். சோபாவில் கால் நீட்டச் சனிக்கிழமை ஒன்றுதான் உண்டு. ஆனால் டென்மார்க்கில் தமிழர் வீட்டு விசேஷம் எல்லாம் அந்தச் சனிக்கிழமையில்தான் வந்து விழுகிறது. பிறந்தநாள், மகள் பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு, கலியாணம், கலியாணம் முடிந்து இருபத்தைந்து வருசம் தப்பிப் பிழைத்ததற்கு ஒரு விழா. அவர் இருக்கிற கிரின்ஸ்டெட்டிலிருந்து ஹோல் இருக்கிற ஹேர்னிங்குக்கு முக்கால் மணி நேரம் கார் ஓட வேண்டும். அழைப்பிதழில் நாலு மணி என்று இருக்கும். நாலு மணிக்குப் போனால் பலூன் ஊதுகிறவர் மட்டும் நிற்பார். "நல்லதாப் போச்சு, இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்று ஒன்றை நீட்டுவார். சோறு ஒன்பதரைக்குத்தான் வரும்.

'வரமாட்டேன்' என்று மனைவியிடம் நேரே சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். மனோரஞ்சிதத்தை உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. முரண்டு பிடிக்கிற டெனிஷ் கிழவர்களைச் சிரித்துக் கதைத்துக் குளிக்க வைக்கிறவள். காய்ச்சல் என்றால் தேமாமீற்றர் வைப்பாள். நாரிப்பிடிப்பு என்றால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டு, அதே கையால் டையும் கட்டிவிடுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் நிரோஜினி ஓகூஸுக்குப் படிக்கப் போனாள். விடுதியில் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை. அவளுடைய இரண்டு கினிப்பன்றிகளும் கூட்டோடு வீட்டிலேயே தங்கிவிட்டன. ஒன்று மண்ணிறம், மற்றது வெள்ளை. டெனிஷில் மாஸ்வின் என்பார்கள்.

"ஆருக்கும் குடுத்துவிடுவம்," என்றாள் மனோரஞ்சிதம்.

"ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. நான் பாக்கிறன்."

"நீங்களோ? யன்னலில நிண்ட பூக்கண்டைத் தண்ணி விடாமல் காய வைச்ச ஆள்."

"பூக்கண்டு வேறை, உயிர் வேறை."

சொன்னபடி செய்தார். காய்ந்த புல் எந்த நேரமும் கூட்டில் இருக்க வேண்டும், அவற்றுக்கு விற்றமின் சி உடம்பில் ஊறாது, ஆகவே குடைமிளகாய் நறுக்கிப் போட வேண்டும் என்றெல்லாம் படித்தார். நகம் வெட்டினார். கூடு கழுவினார். சனிக்கிழமை வந்தது.

"கோட்டைப் போடுங்கோ, நேரமாச்சு."

"நான் வரேலாது."

"ஏனாம்?"

"இதுகளைத் தனிய விட்டிட்டு வரேலாது. பயந்த சீவன். ஆளில்லாட்டி ஏங்கிச் செத்துப்போகும்."

மனோரஞ்சிதம் கூட்டைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார் தவராஜா.

"சரி," என்றாள். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பின்னேரத்தை என்னவென்று சொல்வது. இடுப்பில் சாரம், சோபா, நீட்டிய கால், பக்கத்தில் புல் கொறிக்கிற சத்தம். இருபது வருசத்தில் இப்படியொரு சனிக்கிழமையை அவர் கண்டதில்லை. அடுத்த சனியும் அப்படியே. அதற்கடுத்த சனியும் அப்படியே.

மூன்றாம் சனி போய் வந்தவள் செருப்பைக் கழற்றியபடி சொன்னாள்:

"எல்லாரும் உங்களைத்தான் கேட்டவை. மாஸ்வினில அவ்வளவு பாசம் எண்டு சொன்னன். சனம் மெச்சினது."

"அப்பிடியோ?" என்றார் தவராஜா. உள்ளுக்குள் குளிர்ந்தும் போனார். அங்கேதான் மனுசன் பிழைவிட்டது.

நாலாம் சனி இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கிறிஸ்துநாயகம், கோட் சூட்டோடு நின்றார். கையில் ஒரு கூடு.

"தவராஜா அண்ணை, எங்கட ரெண்டையும் ஒருக்காப் பாருங்கோ. ஹோலால வரேக்கை எடுக்கிறன்."

"நான் பாப்பன் எண்டு ஆர் சொன்னது?"

"அக்காதான். போன கிழமை மைக்கில சொன்னவ."

டென்மார்க்கில் பிறந்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு மாஸ்வினாவது இல்லாமல் இராது. மறு சனி ஐந்து கூடு வந்தது. அதற்கு மறு சனி பதினொரு கூடும், ஒரு முயலும், கெட்ட வார்த்தை தெரிந்த ஒரு கிளியும் வந்தன. ஒரு வீட்டுக் கடுவனை இன்னொரு வீட்டுக் கடுவனோடு விட்டால் கடிபடும். ஆகவே ஒன்று குளியலறையில், ஒன்று குசினியில், ஒன்று கட்டிலுக்குக் கீழே. ஒன்றுக்கு வெள்ளரிக்காய் தோல் சீவினால்தான் இறங்கும். இன்னொன்றுக்கு இரண்டு பக்கத்தில் அறிவுறுத்தல் வந்திருந்தது. காய்கறி எடுக்கக் குளிரூட்டியைத் திறந்தால், தீனி வருகுதென்று வீடு முழுக்க விசில். சோபாவில் நாலு கூடு இருந்தது. தவராஜா நிலத்தில் இருந்தார்.

இதற்குள் ஹோலிலிருந்து தொலைபேசி.

"அண்ணை, எங்கட செல்லம் சாப்பிட்டதோ? வீடியோவில ஒருக்காக் காட்டுங்கோ."

செல்லத்தைத் தூக்கிக் காட்டினார். செல்லம் அவருடைய கையில் மூத்திரம் பெய்தது. திரையின் அந்தப் பக்கம் ஆட்டிறைச்சி ரோல்ஸ் தட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆரோ பகிடி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தவராஜா கையைத் துடைத்துவிட்டு அடுத்த கூட்டுக்கு வெள்ளரிக்காய் சீவப் போனார்.

ஏழாம் சனி மதியம் தவராஜா முகம் மழித்து, கோட் போட்டு, தானே டையும் கட்டிக்கொண்டு மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"ஹோலுக்கு."

"நீங்கள் வரேலாதே. சனம் கூடு கொண்டரப் போகுது."

"கொண்டர வேண்டாமெண்டு சொல்லும். இனி நானும் வாறன்."

"இண்டைக்கு மட்டுமோ?"

"ஒவ்வொரு சனியும்."

"இடையில எழும்பி, போவம் போவம் எண்டு அரியண்டம் தரமாட்டியள்?"

"கதிரை எல்லாம் அடுக்கிப்போட்டுத்தான் வருவன்."

"நிரோஜினியின்ரை தலையில சத்தியம்?"

"சத்தியம்."

மனோரஞ்சிதம் தொலைபேசியை எடுத்தாள். "கிறிஸ்து, இனி ஒருத்தரும் கொண்டர வேண்டாம். இவர் வாறார்," என்றாள். அந்தப் பக்கத்தில் பலபேர் சேர்ந்து கைதட்டியது தவராஜாவுக்கு வடிவாகக் கேட்டது.

பிறகு அவள் கூட்டுக்குள் ஒரு பிடி புல் வைத்தாள். தண்ணீர்ப் போத்தலை நிரப்பினாள். கைப்பையை எடுத்தாள்.

"அப்ப எங்கட ரெண்டும்?" என்றார் தவராஜா. "தனியவோ?"

"திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும் நீங்களும் வேலைக்குப் போறியள், நானும் போறன். அப்ப ஆரப்பா பாத்தது?"

தவராஜா கட்டிய டையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"இதை முதல் சனியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அண்டைக்கு ஒருநாள் வந்திருப்பியள்," என்றாள் மனோரஞ்சிதம். "இப்ப காலம் முழுக்க வாறியள்."