உள்ளங்கையால் பஸ்ஸை நிறுத்துகிறவர்

கைகாட்டிக் கடப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்ததோடு விடாமல் பிரேக்கும் அடித்திருப்பீர்கள். ரோட்டோரம் வந்து நிற்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், நிற்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. வேட்டி நுனியை இடது கையில் பிடித்து, வலது உள்ளங்கையை வருகிற வண்டியின் பக்கம் நீட்டி, முகத்தை மட்டும் எதிர்த்த டீக்கடையின் வடைத் தட்டுக்குத் திருப்பிக்கொண்டு, கோயில் பிராகாரம் சுற்றுகிறவர் மாதிரி இறங்கி நடப்பார். லாரி என்ன செய்யும்? நிற்கும். வேறு வழி?

வண்டியைப் பார்க்கவே கூடாது என்பது இந்த இனத்தின் வேதம். பார்த்தால் போச்சு. 'அதான் பாத்துட்டாருல்ல, ஒதுங்கிக்குவாரு' என்று டிரைவர் வந்துகொண்டே இருப்பான். பார்க்காத வரைக்கும் பொறுப்பு முழுக்க அவன் தலையில். கீரமங்கலம் பக்கத்துக் கடைவீதி ஒன்றில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் கண்ணுசாமி இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்.

"அவன் கால்ல பிரேக்கு இருக்கு. என் கால்ல என்னா இருக்கு? செருப்பு. யாருய்யா நிக்கணும்?"

கண்ணுசாமிக்குக் கூட்டம் வேறு. அவர் மண்டியை விட்டு இறங்கினால் போதும், பூக்கூடைக்காரிகள், சைக்கிள் தள்ளுகிறவர்கள், ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எல்லாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வார்கள். "அண்ணன் எறங்கிட்டாரு, வாங்கடி!" என்று ஒரு குரல் எழும். முன்னே ஒரு கை, பின்னே ஓர் ஊர்வலம். ஒரு மனுசனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்கேதான் சிங்கப்பூரிலிருந்து ஊர்ப்பிள்ளை சார்லஸ் வந்து சேர்ந்தார். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு ஒரு சிக்னல் உபயம் செய்தார். சும்மா சிக்னல் இல்லை. பட்டனை அமுக்க வேண்டும். விளக்கில் சிவப்பு ஆள் நிற்பான். பச்சை ஆள் நடப்பான், நேரம் தீரப் போகிறது என்றால் ஓடுவான். போனையே பார்த்து நடக்கிறவர்களுக்காகத் தரையில் கால்மாட்டிலேயே ஒரு சிவப்பு விளக்குப் பட்டை மினுக்கும். இத்தனைக்கும் மேலே, பேசும். "நில்லுங்க, வண்டி வருது" என்றும், "இப்ப வாங்க, ஓடாதீங்க" என்றும் சார்லஸின் மனைவி ஷர்லியின் குரல் வரும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து எழுதுவோமே, அதே பக்தியோடு சிவப்பு ஆளின் இடுப்புக்குக் குறுக்கே 'உபயம்: சார்லஸ், ஷர்லி' என்றும் எழுதியிருந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? பட்டனை அமுக்கிவிட்டு, யாரோ வந்து கதவைத் திறக்கப் போவது போல ரெண்டடி பின்வாங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். ஷர்லி பேசினால், "சரி ஆத்தா" என்று பதில் சொன்னார்கள். பச்சை ஆள் நடக்கிற வரைக்கும் நின்று கதையை முடித்துவிட்டு, அவன் ஓட ஆரம்பித்ததும் இவர்களும் ஓடினார்கள். பஸ் நகர்ந்தால்தானே நமக்கு ஏறவே தோன்றும்?

ஆனாலும் சிவப்புக்கு நின்றார்கள். கண்ணுசாமியால் பொறுக்க முடியாதது அதுதான். அவர் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஓர் ஆடுகூட இல்லை. போதாததற்கு நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளை குரல், "நில்லுங்க, வண்டி வருது."

"இது யாரு என்னய நிக்கச் சொல்றதுக்கு? அந்தச் சார்லஸோட அப்பனையே கையப் புடிச்சுக் கடத்திவிட்டவன்டா நான்!"

இந்த நேரம் பார்த்து அவர் மகள் சரண்யாவுக்கு வரன் வந்தது. பையன் நிலவழகன், பட்டுக்கோட்டைப் பக்கம், பேங்க் வேலை. இருவரும் போனில் பேசி, பிடித்தும் போய்விட்டது. பையனின் அப்பா திருப்பதி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சரண்யா அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்கப்பா ரொம்ப ஒழுங்கு பாப்பாராம். நாளைக்கு அவங்க வர்றப்ப, ஒரே ஒரு நாளு, அந்தக் கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. பட்டன அமுக்கிட்டு நில்லுங்கப்பா."

"எங்கிட்டயா சொல்ற? நான் என்ன சின்னப் புள்ளையா?"

மறுநாள் வெள்ளையும் சொள்ளையுமாகக் கண்ணுசாமி பட்டனை அமுக்கத்தான் செய்தார். நிற்கவும் செய்தார். அதற்குள் பட்டுக்கோட்டை பஸ் எதிரே இருக்கிற பஸ் ஸ்டாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் இறங்கும்போது எதிர்கொண்டழைக்க ஆளில்லை என்றால் என்ன மரியாதை? கால் இறங்கியது. கை நீண்டது. முகம் வடைத் தட்டுக்குத் திரும்பியது. "நில்லுங்க, வண்டி வ..." என்பதற்குள் பஸ் குலுங்கி நின்றது.

முன் சீட்டில் இருந்தவர் திருப்பதி. வேலை பார்த்த காலம் முழுக்க இதே ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் காலும் தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. மடியில் வைத்திருந்த மல்லிகைப்பூப் பொட்டலம் பறந்து போய்க் கியர் ராடில் மாட்டிக்கொண்டது.

"வாங்க, வாங்க!" என்று கண்ணுசாமி கும்பிட்டார். திருப்பதி முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த வலது கையக் கொஞ்சம் காட்டுங்க."

"ரேகை பாப்பீங்களோ?" கண்ணுசாமி ஆசையாக நீட்டினார்.

"வருசக்கணக்காப் பாத்த ரேகைதாங்க, கண்ணாடிக்கு வெளியில. மொகத்த எங்க பாத்தேன், நீங்க திரும்புனாத்தானே? இந்தா, பெருவெரலுக்குக் கீழ தழும்பு. தேங்கா உரிக்கையில பட்டதா?"

"ஆமாங்க."

"என் மூட்டு தேஞ்சதே இந்தக் கையாலதாங்க. கனவுலகூட வரும்."

மண்டியை ஒட்டிய வீட்டில் கேசரி ஆறியது. பஜ்ஜியை யாரும் தொடவில்லை. நிலவழகன் சரண்யாவைப் பார்த்தான், அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். திருப்பதி எழுந்தார்.

"ஊருக்குப் போயி சொல்லி விடுறோங்க."

பெண் வீட்டில் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியும் விடமாட்டார்கள். சரண்யா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முதுகைப் பார்த்த கண்ணுசாமிக்கு, ஒரு லாரி நிற்காமல் வந்து மோதியது போல இருந்தது.

வாசலுக்கு வந்தால், எதிரே பட்டுக்கோட்டை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தாயிற்று. சிக்னலில் சிவப்பு. திருப்பதி என்ன செய்தார்? வேட்டி நுனி இடது கையில். வலது உள்ளங்கை நேராக நீண்டுவிட்டது. முகம் பஸ்ஸைப் பார்த்தபடி.

"நில்லுங்க, வண்டி வருது."

"வருது, தெரியுதும்மா. நிப்பான்!"

தேங்காய் ஏற்றி வந்த லாரி கிரீச்சென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"யோவ் பெருசு! வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

காலமெல்லாம் தான் கேட்ட கேள்வியைத் தன்னிடமே ஒருவன் கேட்டதும் திருப்பதி நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார். நீட்டிய கை நீட்டியபடி. பஸ் போயே போய்விட்டது. பின்னால் ஓடி வந்த சரண்யா பட்டனை அமுக்கினாள்.

"மாமா, அங்கனயே நில்லுங்க! அமுக்கிட்டேன், பச்சை விழட்டும்!"

கடைவீதியே சிரித்தது. முதலில் சிரித்தவன் நிலவழகன். பச்சை ஆள் நடக்க, திருப்பதி அவனோடு ஒழுங்காக நடந்து இந்தப் பக்கம் திரும்பி வந்தார். தன் உள்ளங்கையை யாரோ ஒட்டவைத்துவிட்டுப் போனது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னமோ தெரியல. சீட்ட விட்டு எறங்குனா கையி தன்னால நீண்டுக்குது, சம்மந்தி."

சம்மந்தி! சரண்யா காதில் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்தது. அடுத்த பஸ் வருவதற்குள் ஆறிய பஜ்ஜியைக் கண்ணுசாமி சூடு பண்ணச் சொன்னார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. வண்டியில் உட்கார்ந்துகொண்டு இந்த இனத்தைத் திட்டாதவர் யார்? ஆனால் பரோட்டாக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும், சாவியைச் சட்டென்று இடது கைக்கு மாற்றிக்கொள்கிறீர்களே, வலது கையை எதற்காகக் காலியாக வைத்துக்கொள்கிறீர்கள்?