சொட்டு அண்ணன் நிரப்பிய கை

நீலகிரி மாவட்டத்திலேயே பிறர் தும்மலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் சொட்டு அண்ணன்தான்.

குன்னூர்ப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறை. ரிசார்ட்டுக்குக் காட்டெருமை, பூங்காவுக்குப் பென்குயின் குப்பைத்தொட்டி எல்லாம் செய்வோம். நான் பெயின்டர். அவர் ரெசின் கலக்குபவர். ரெசின் என்பது தேன் மாதிரி. கேட்டலிஸ்ட் சேர்த்தால்தான் இறுகும். குறைந்தால் ஆயுசுக்கும் பிசுபிசுக்கும். கூடினால் புகைந்து விரிசல் விடும். அதனால் அண்ணன் ரெசினை எடைபோட்டு வைத்துக்கொண்டு, காதுமருந்துக் குழாயால் கேட்டலிஸ்டைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கிண்ணத்தில் விடுவார். நடுவில் எவனாவது தும்மினால் எண்ணிக்கை போச்சு. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.

"பனி எறங்கியிருச்சு. நாலு சொட்டு கூடப் போடோணுமுங்களா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். பதில் கிடைத்ததுபோலத் தலையாட்டிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். நான் பெயின்ட் டப்பாவோடு அடுத்த மூலைக்கு நகர்ந்துவிடுவேன்.

அவர் லீவு போட்ட ஒரு நாள் முதலாளியே கண்ணளவில் கலந்து ஒரு கரடிக்குப் பூசினார். அது காயவே இல்லை. ஒரே வாரத்தில் மலையிலுள்ள விட்டில் பூச்சியெல்லாம் வந்து ஒட்டி, கரடிக்கு நிஜமாகவே ரோமம் முளைத்துவிட்டது. காற்றடித்தால் அத்தனை இறகும் அசையும். அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இது மூச்சு உடுதுங்க."

மறுநாள் முதலாளி வாசலுக்கு வெளியே நின்றபடியே வேலை சொன்னார்.

அப்புறம்தான் ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஓர் அம்மா வந்தார். இறந்துபோன மகளுக்குச் சிலை வேண்டும். ஒன்பது வயசுப் பிள்ளை. போட்டோவைப் பார்த்துச் செய்து முடித்தோம். எடுத்துப்போக வரும் அன்று காலை பார்த்தால், சிலையின் வலது மணிக்கட்டில் கீறல். அண்ணன் அவசரமாக ரெசின் கலந்து, கூடாக இருந்த அந்தக் கையை உள்ளிருந்து நிரப்பினார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வந்துவிட்டார். நேராகப் போய் மகளின் கையைப் பிடித்தார்.

"சூடா இருக்குதே..."

என் பிரஷ் கீழே விழுந்தது. தடிமனாக ஊற்றிய ரெசின் இறுகும்போது சூடாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிலையின் கண் இமைக்கிறதா என்று பார்த்தேன்.

"அது ஒண்ணுமில்லீங்க, கெமிக்கல்..." என்று ஆரம்பித்த முதலாளியை அண்ணன் கையைக் காட்டி அடக்கினார்.

"புடிச்சுக்குங்கம்மா. இன்னும் கால் மணி நேரம் இருக்கும்."

அவர் பிடித்துக்கொண்டார். சிலையின் காதில் என்னமோ சொன்னார். நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம். கை ஆறியதும், "பெயின்ட் அடிக்கோணும், நாளைக்கு வண்டி அனுப்புங்கம்மா" என்று அண்ணன் அவரை வழியனுப்பினார்.

"ஏய்யா என்னையச் சொல்ல உடல?" என்றார் முதலாளி.

"அவங்க கேக்கலீங்களே."

சாயங்காலம் மறந்துவைத்த குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். பட்டறைக்குள் மூடுபனி புகுந்திருந்தது. அண்ணன் சிலைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குளுருதா கண்ணு?"

குடை அவர் காலடியில்தான் கிடந்தது. நான் அதை எடுக்காமலே தூறலில் நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.