பல் வந்தது, சொல் போச்சு

பல்லில் கட்டியிருந்த கம்பியைக் கழற்றியதும் கண்ணாடி முன் ஈயென்று இளித்த ஹெட் கிளார்க்கின் முகம் சுண்டிப்போனது. கம்பி ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றியெல்லாம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அடுத்த மாதம் ஆபீஸ் ஆண்டுவிழா. வரவேற்புரை அவருடையது. அந்த மேடையில் அழகாகச் சிரிக்கத்தான் இந்த வயதில் கம்பியே கட்டிக்கொண்டார்.

"இது சொத்தையோட ஆரம்பம். சரியா தேய்க்காம விட்டதுல பல்லோட மேல்பூச்சு சத்து இழந்திருக்கு. பயப்படாதீங்க, ஒரு பசை தர்றேன்," என்றார் பல் டாக்டர்.

அதற்குமேல் டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வரவேற்புரையை டாக்டரிடமே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். பக்கத்திலிருந்த மனைவிதான் டாக்டரிடமும் நர்ஸிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் வெளியே வந்து.

"பசையைத் தடவினா ரெண்டு மணி நேரம் பேசக் கூடாதாம். காலையிலயும் ராத்திரியும்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்குப் பல் சீரானதும் சொல் போனது. ஆபீஸில் பேப்பர் தீர்ந்துவிட்டதென்று ஜாடை காட்டினார். பியூன் டீ கொண்டுவந்து வைத்தான்.

அடிக்கடி பாத்ரூமுக்குப் போய் உதட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டார். காற்றுப்பட்டுப் பல் காய்ந்தால் புள்ளி இன்னும் பளிச்சென்று தெரியும். பாவம், அது அவருக்குத் தெரியாது.

"குறையவே இல்லடி!"

"அப்போ மத்தியானமும் தடவுங்க."

வீடு அமைதியானது. வருஷக்கணக்காகப் பாதியில் கிடந்த நாவலை மனைவி முடித்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தாள்.

விழா நாளன்று கெஞ்சினார். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடட்டுமா?"

"இவ்ளோ நாள் பட்ட பாடு வீணாப் போகும். அப்புறம் உங்க இஷ்டம்."

மனசு கேட்காமல் உரையை டைப்பிஸ்ட் பெண்ணிடம் கொடுத்தார். அவள் முக்கால்வாசியை விட்டுவிட்டுப் படித்து, இரண்டே நிமிஷத்தில் முடித்தாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வாய் நிறையப் பசையோடு மேடையில் உட்கார்ந்திருந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் டாக்டர் பார்த்தார். "புள்ளி நல்லாவே மங்கிடுச்சு. பசையை இன்னும் கொஞ்ச நாள் தடவுங்க."

"நான் வெளியில இருக்கேன்," என்று மனைவி அவசரமாக எழுந்து போனாள்.

"ஏம்மா, இனிமேலாவது பசை தடவிட்டுப் பேசலாமா?" என்று நர்ஸிடம் ஏக்கத்தோடு கேட்டார்.

நர்ஸ் விழித்தாள். "பேசக் கூடாதுன்னு யாரு சார் சொன்னா? அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, அவ்ளோதான். அன்னிக்கே உங்க வீட்டம்மா என்கிட்ட ரெண்டு தடவை கேட்டாங்களே, 'பேசினா ஒண்ணுமே ஆகாதா, நிச்சயமா?'ன்னு!"