ஆறு வருஷமாகக் கிளம்புகிறவர்

ஊர் மாறியவர்களை நமக்குத் தெரியும். மாறாதவர்களையும் தெரியும். இந்த இரண்டு பட்டியலிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம் நடுவிலேயே சௌக்கியமாக உலவிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிளம்பப்போகிறவர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

கண்டுபிடிப்பது சுலபம். "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ இருக்கேன், இன்னும் கொஞ்ச நாள்தானே" என்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் பதறிப்போய் எந்த டாக்டரிடம் காட்டுகிறார் என்று விசாரிப்பார்கள். பயப்படத் தேவையில்லை. உடம்பு கல்லுக்குண்டு. வேறு மாநிலத்தில், ரயிலில் பதினான்கு மணி நேரத் தொலைவில், ஒரு சின்ன ஊருக்குக் குடிபோவதாக இருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு வாய்த்தவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். ஊரில் உள்ளவர்களின் வீடுகளுக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கம்ப்யூட்டரும் மேஜையும் இருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம். ஆகவே போகாமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. போவதற்கோ ஆயிரம் காரணங்கள் இருந்தன, ஆயிரத்தையும் எனக்குச் சொல்லியிருக்கிறார். சிக்னலில் நின்றால், "அங்க மொத்தமே மூணு சிக்னல் சார்." வியர்வையைத் துடைத்துக்கொண்டே கைபேசியைப் பார்த்து, "அங்க இப்போ இருபத்திரண்டு டிகிரி." இங்கே மழை கொட்டும்போது துணியை எடுக்க மாட்டார், அங்கே வெயில் என்று கைபேசி சொல்லியிருக்கும். இவ்வளவு தெரிந்தவர் அந்த ஊரில் எத்தனை காலம் இருந்தார் என்று கேட்பீர்கள். ஒன்றரை நாள். ஒரு கட்டடத்துக்கு மனை பார்க்கப் போனார். அதில் அரை நாள் தூங்கிவிட்டார்.

அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ள முப்பது நாள் புத்தகம் ஒன்று வாங்கி நாலு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பாடம் வரை வந்திருந்தார். "இந்தக் குதிரை யாருடையது?" என்பதை மட்டும் பிசிறில்லாமல் சொல்வார். அலுவலகத்தில் ஒரு தடவை பிரிவுபசாரம்கூட நடந்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டார், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல வேலைக்கும் வந்துவிட்டார்.

இதெல்லாம் தமாஷாக இருக்கிறதல்லவா? அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் தமாஷ் கொஞ்சம் குறையும்.

கிளம்பப்போகிறவரின் வீட்டில் எதுவும் ரிப்பேர் ஆவதில்லை. 'போகப்போற வீட்டுக்கு எதுக்கு?' இந்த ஒரே கேள்வியில் ஆணி, சுண்ணாம்பு, பல்பு எல்லாம் அடிபட்டுப் போகும். படங்கள் சுவரில் ஏறாமல் தரையில் சாய்ந்துகொண்டிருந்தன. திரைச்சீலைகள் ஒரு சாண் குட்டையாகத் தொங்கின, அவை அங்கே பார்க்கப்போகிற வீட்டின் ஜன்னலுக்கு அளவெடுத்தவை. பார்க்காத வீட்டின் ஜன்னலுக்கு எப்படி அளவெடுத்தார் என்று அவர் மனைவியே கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தக் குளியலறைக் கதவு. தாழ்ப்பாள் உடைந்து ஆறு வருஷம். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே? ஆகையால் உள்ளே போகிறவர் பாட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கிளம்பப்போகிறவருக்குக் கட்டைக் குரல். மகள் பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டையெல்லாம் அங்கேதான் மெருகேற்றினாள். விருந்தாளிகளுக்கும் விலக்கு இல்லை. நான் ஒரு நாள் கை கழுவப் போனபோது, "சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க அண்ணா" என்றார் அவர் மனைவி. எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டு வெளியே வந்தேன். பன்னிரண்டு பதினாறில் தப்புவிட்டதாக மகள் திருத்தினாள்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. பதினொரு வருஷமாக இரண்டாவது ஆளாகவே இருந்தார். முதலாவது ஆள், எழுத்துப் பலகையைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் பார்வை மங்கல் என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான். அந்தத் தப்பையெல்லாம் திருத்திவிட்டு இந்த அம்மாள் சாயங்காலம் வீடு வந்து, பாடிக்கொண்டே முகம் கழுவுவார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. நான் அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஊர்க் காற்றின் தூய்மையைப் பற்றி எழுநூறாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் உள்ளே வந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, எங்க கம்பெனி புதுக் கிளை திறக்குறாங்களாம். என்னையே பொறுப்பெடுத்துக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"அடடே! எந்த ஊர்ல?"

"உங்க ஊர்லதான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கைபேசியைப் பார்த்தார். அங்கே இருபத்தொரு டிகிரி.

"வெள்ளிக்கிழமையேவா?" என்றார். "இதெல்லாம் அவசரப்பட்டு முடிவு பண்ற விஷயமா?"

"ஆறு வருஷமா அவசரமாங்க படுறோம்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணெல்லாம் சிரிப்பு. இதை மட்டும் அந்த மனிதர் கெடுத்தால் நானே சண்டைக்குப் போவேன் என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவருக்கு இந்த ஊரின் மேல் காதல் பிறந்தது. ஆறு வருஷமாக நரகம் என்று திட்டிய போக்குவரத்து நெரிசல், "ஒரு உயிர்ப்பு சார்" ஆகிவிட்டது. முனையில் உள்ள பேக்கரி ரொட்டி மாதிரி உலகத்திலேயே கிடையாது. சாக்கடைக்குக்கூட இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். புதன்கிழமை அந்த ஊரில் குறைகள் முளைத்தன.

"அங்க தண்ணி உப்பாம்."

"யாருங்க சொன்னது?"

"சொல்றாங்க." சிறிது யோசித்துவிட்டு, "மூணே சிக்னல்னா பார்த்துக்கோ, எவ்வளவு பின்தங்கின ஊரா இருக்கும்!" என்றார்.

அப்புறம் ஊரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டார். முடிவெட்டுகிறவரிடம் கேட்டார். பல் டாக்டரிடம், வாயைத் திறந்துவைத்தபடியே கேட்டார். என்னிடமும் கேட்டார். "போயிட்டு வாங்க சார்" என்றேன். நான் அவருக்கு வேண்டாதவனாகிவிட்டேன். 'போகலாம்', 'இருக்கலாம்' என்று ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து எழுதினார். 'இருக்கலாம்' பக்கம் நிரம்பி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. மகள் அதை எடுத்துப் பார்த்தாள். "அம்மாவோட வேலைன்னு ரெண்டு பக்கத்திலயும் எழுதவே இல்லையேப்பா" என்றாள். அவர் பேனாவைத் தேடுகிற பாவனையில் எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் டார்ச் அடித்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். போனால், குளியலறை வாசலில் தச்சர் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு முன்னால் ஆறு தடவை வரவழைக்கப்பட்டு, 'போகப்போறோமே, எதுக்கு' என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே தச்சர். பத்து நிமிஷத்தில் புதுத் தாழ்ப்பாளை மாட்டிவிட்டார்.

"இதுக்கா சார் ஆறு வருஷம்?" என்றார்.

"அதை விடுங்க. அப்படியே அந்தப் படங்களையும் மாட்டிடுங்க. ஆணி நல்லா ஆழமா போகட்டும்."

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லத் தைரியமில்லாதவர் அதைச் சுவருக்குள் ஆணியாக அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. கோபமும் வந்தது. டார்ச்சை மட்டும் ஒழுங்காகப் பிடித்தேன்.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தார். சுவரில் ஏறியிருந்த படங்களை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உள்ளேயிருந்து பாட்டு இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கிளம்பப்போகிறவர் வெளியே நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த நிசப்தத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. நான் எழுந்து போயிருக்க வேண்டும், நாகரிகம் அதுதான். போகவில்லை.

கதவு திறந்தது.

"இதுதான் உங்க பதிலா?"

"இல்லம்மா, வந்து... ரொம்ப நாளாச்சேன்னு..."

"நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மாள், தாழ்ப்பாளை ஒரு தடவை தள்ளிப் பார்த்துக்கொண்டே. "அடுத்துக் குடி வர்றவங்களுக்கு உபயோகப்படும். நான் காலையிலேயே சரின்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்கலையே?"

"ஆறு வருஷமா நீங்க சொன்னதைத்தான் அவங்ககிட்ட சொன்னேன்."

மூன்றாவது வாரம் லாரி வந்தது. அலுவலகத்தில் கொடுத்த சூட்கேஸுக்கு அன்றைக்குத்தான் விமோசனம். மகள் வழிநெடுக அந்த ஊர் மொழியிலேயே லாரி டிரைவரிடம் வம்பளந்துகொண்டு போனாளாம். கைபேசியில் இந்த மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டாளாம். அப்பா முன் இருக்கையில், குதிரைக்குக் காத்திருந்தபடி.

போன வாரம் அவரே பேசினார். தண்ணீர் உப்பு இல்லை, தேனாக இருக்கிறதாம். கிளையில் கூட்டம் தாங்கவில்லையாம். "பலகையை நேரா மாட்டியிருக்கா சார், அவ!" என்று பெருமை அவருக்குப் பிடிபடவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இங்க நாலாவது சிக்னல் போட்டுட்டான் சார். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர் இருக்கு. சிக்னலே கிடையாது. இங்க எல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான்."

"குளியலறைத் தாழ்ப்பாள் எப்படி இருக்கு?"

"அதுவா? வந்த அன்னிக்கே அவ ஸ்க்ரூடிரைவர் எடுத்து மாட்டிட்டா."

கேட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை பாருங்கள். கைபேசியைக் கொஞ்சம் எடுங்களேன். அதில் எந்த ஊரின் வெயில் தெரிகிறது? அடுத்த வருஷம் வேறு வேலை, வேறு வீடு, வேறு ஊர் என்று சொல்லிச் சொல்லி நீங்கள் மாட்டாமல் விட்டது எது? எனக்குச் சொல்ல வேண்டாம், நான் யாரிடமும் சொல்லவும் மாட்டேன். இதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் குளியலறையில் யாராவது பாடுகிறார்களா?