மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து மாப்பிள்ளை பிடித்த கதை

லீட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த கையோடு.

அன்புள்ள தம்பி முபிருவுக்கு, உன் அக்கா நபோசா எழுதுவது. கோபத்தில் எழுதினாலும் முறையை விடக்கூடாது என்பதால் முதலில் நலம் விசாரிக்கிறேன். நீ, உன் மனைவி, பிள்ளைகள், காப்பித் தோட்டம், கன்று போட்ட பசு எல்லாரும் சௌக்கியந்தானே? நம் ஊர் மசாகாவில் மழை உண்டா? இங்கே நான், மகன் கட்டோ, அவன் பெண்டாட்டி, புதுப் பேரன் எல்லாரும் சுகம். குளிர் மட்டும் எனக்கும் சரிப்படவில்லை, அதற்கும் நான் சரிப்படவில்லை. விசாரிப்பு முடிந்தது. இனி சண்டை.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். உன் மகள் நன்கியாவின் க்வாஞ்சுலாவில், மாப்பிள்ளை வீட்டார் நம் வாசலுக்கு வந்து பெண் கேட்ட அந்த நல்ல நாளில், உன் மானத்தை நான் கப்பலேற்றிவிட்டேனாம். இனி இந்த வீட்டுப் பெண்களுக்குத் தங்கை ரூத்தே சென்காவாக இருக்கட்டுமாம். தாராளமாக இருக்கட்டும். பெண்ணுக்கு வாழ்க்கையைச் சொல்லிக்கொடுக்கும் அத்தையாக, ஆண்கள் கூட்டத்துக்குள் நடந்துபோய் "இவன்தான் எங்கள் மாப்பிள்ளை" என்று கைபிடித்து எழுப்பும் சென்காவாக நம் வீட்டில் இத்தனை காலம் இருந்தவள் நான். அந்த வேலையை இந்தக் கடிதத்தோடு ராஜினாமா செய்கிறேன். ஆனால் நடந்ததை என் வாயால் கேட்டுவிட்டு அப்புறம் ஏற்றுக்கொள்.

விழா முடிந்து சாவகாசமாக விமானம் ஏறலாம் என்றுதான் இருந்தேன். என் பேரனுக்கு அவசரம், முன்னாலேயே பிறந்துவிட்டான், நானும் அடித்துப்பிடித்து ஓடி வந்தேன். நன்கியா போனில் ஒரே அழுகை. "அத்தை, நீங்க எழுப்பாத மாப்பிள்ளை எனக்கு வேணாம். நீங்க இல்லேன்னா நான் ரூமை விட்டு வெளியவே வரமாட்டேன்" என்றாள். உன் மகள் சொன்னால் செய்வாள், உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. அப்போதுதான் கட்டோ என் போனை வாங்கினான்.

"அம்மா, இந்த ஊர் டவர் வழியா பேசினா போன்ல இருக்கிற காசு மொத்தத்தையும் முழுங்கிடும். வீட்டு வைஃபை வழியா பேசுங்க. நம்பர் உங்க பழைய நம்பர்தான், மசாகாவுல உக்காந்து பேசுற கணக்கு. வைஃபை காலிங்னு இருக்கு பாருங்க, அதை ஆன் பண்ணிட்டேன். இந்த விமானப் படத்தையும் அமுக்கி வச்சிருக்கேன், அதைத் தொடாதீங்க."

"விமானத்துல இருந்து எறங்கித்தானேடா வந்தேன்? மறுபடி எதுக்கு ஏறணும்?"

"நீங்க ஏற வேணாம்மா. அதை அமுக்கினாத்தான் போன் வெளி டவரைத் தேடி ஓடாது. வைஃபையை மட்டும் பிடிச்சுக்கிட்டு வீட்டோட கிடக்கும்."

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது தம்பி. என் உடம்புதான் லீட்ஸில் இருக்கிறது, என் குரல் மசாகாவை விட்டுக் கிளம்பவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே கறிக்கடைக்காரர், பாட்டுக்குழுத் தலைவி, என் உரலை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவள் என்று எல்லாரையும் கூப்பிட்டேன். உரல்காரி நான் ஊர் திரும்பிவிட்டதாக நினைத்து ஓடிப்போய் உரலை நம் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டாளாம். இந்த வைஃபைக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொல்லை எங்கே வந்தது தெரியுமா? வைஃபை பெட்டி கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் கட்டோ இருக்கிறான். கல்யாணப் பெண்ணுக்கு சென்கா சொல்லும் விஷயங்களைப் பெற்ற பிள்ளை காதில் விழச் சொல்ல முடியுமா? நாக்கு அழுகிவிடாதா? அதனால் போனோடு தோட்டத்துக்கு நடந்தேன். அந்த விமானப் படம் விடாமல் எரிந்துகொண்டிருந்தது எனக்குத் தலைசுற்றலாக இருந்ததால் போகிற வழியில் அதை அணைத்துவிட்டேன். "நன்கியா, நல்லாக் கேளு, முதல் ராத்திரி நீ மறக்காம செய்ய வேண்டியது என்னன்னா" என்று தொடங்கும்போது வேலியோரம் போயிருந்தேன். வைஃபை விட்டுப்போனது, இந்த ஊர் டவர் லபக்கென்று பிடித்துக்கொண்டது, இருந்த காசை எல்லாம் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது, பேச்சு அறுந்தது. பாவம் அந்தப் பெண், என்னவோ ஏதோ என்று கலங்கி, மறுநாள் கட்டோ போனுக்குக் காசு போட்டு நான் கூப்பிடும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் சொல்ல வந்தது, நன்றாகத் தூங்கு என்பதுதான். விழா என்றால் கால் கடுக்க நின்றிருப்பாளே.

அதற்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை கண்டுபிடித்தேன். பழைய செருப்பும் கோட்டும் போட்டு வைக்கிற பொந்து. ஆனால் வைஃபை அங்கே பிரமாதமாக வருகிறது, கதவைச் சாத்தினால் கட்டோவுக்குக் கேட்காது. விழா நாளில் பச்சைக் கோமேசி உடுத்தி, இடுப்புப் பட்டையை முடிந்து, முத்துமாலையும் போட்டுக்கொண்டு செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கட்டோ கதவைத் திறந்து பார்த்து, "யாரும்மா பாக்கப்போறாங்க?" என்றான். "நான் பாக்குறேன்ல, போடா" என்றேன்.

அங்கே உன் பெரியவன் தன் போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தான். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதில் சொல்லி, நம் முறைப்படி "ம்ம்ம்" என்றேன். அவரும் "ம்ம்ம்" என்றார். ஆனால் இந்தப் போனில் குரல் கொஞ்சம் ஆற அமரத்தான் போய்ச் சேரும். அவர் முடித்தாரா இல்லையா என்று தெரியாமல் நான் இன்னொரு "ம்ம்ம்" போட்டேன், அது போய்ச் சேர்வதற்குள் அவர் ஒன்று போட்டார், அதற்குப் பதில் போடாவிட்டால் மரியாதை இல்லையே என்று நான் போட, பெரிய மனுஷி ம்ம் கொட்டும்போது நாம் நிறுத்துவதா என்று அவர் போட, முபிரு, சத்தியமாகச் சொல்கிறேன், நிறுத்த எனக்கு வழியே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் முறையாக மண்டியிட்டு எழுந்ததில் மேல்பலகையில் இடித்துத் தலை வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் உன் மனைவி குரல் கேட்டது. "யாராவது ஒருத்தர் மூச்சு விடுங்க, அவிச்சு வச்ச வாழைக்காய் மட்டோக்கே ஆறுது." அவள் வாழ்க.

அப்புறம் மாப்பிள்ளையை எழுப்பும் கட்டம். அத்தனை ஆண்களும் ஒரே மாதிரி வெள்ளைக் கன்ஸு அங்கி அணிந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ரூத்தாக இருந்தால் நடந்துபோய்க் கையைப் பிடிப்பாள். எனக்கு வைஃபைதான் கால். "பிள்ளைகளா, மாலையோட தயாரா நில்லுங்க. யார்கிட்ட போன் அடிக்குதோ அவர்தான் நம்ம மாப்பிள்ளை" என்று சொல்லி, அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாப்பிள்ளை கயீராவின் நம்பரைப் போட்டேன். இதைவிட நல்ல யோசனை எனக்கு இதுவரை வந்ததில்லை, அதை நீயும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கன்ஸுவில் போன் துருத்திக்கொண்டு தெரிகிறது என்று கயீரா அதைத் தன் சித்தப்பா லுபேகாவிடம் கொடுத்து வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? போன் எடுக்கப்பட்டது. நான், "மகனே, எங்க வீட்டுப் பொண்ணுக்கு நான் தேர்ந்தெடுத்தவன் நீதான், எழுந்து நில்லு" என்றேன். அவரும் மரியாதையான மனிதர், எழுந்து நின்று "ம்ம்ம்" என்றார். நம் பெண்கள் ஓடிப்போய் அந்த வழுக்கைத் தலையில் மாலையைப் போட்டுவிட்டார்கள். அவர் திருதிருவென்று விழிக்க, பக்கத்திலிருந்து அவர் பெண்டாட்டி, "கூட்டிட்டுப் போங்கம்மா, நல்லா இருங்க. ராத்திரி பூரா குறட்டை விடுவாரு, அதையும் சீதனமா வச்சுக்குங்க" என்றாளே, அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஊரே வயிறு வலிக்கச் சிரித்ததும் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் யாரோ போனைப் பிடுங்குகிற சத்தம். "சென்கா, அவரு இல்ல. நான்தான். நான் கயீரா" என்றான். அந்த விழாவில் மாப்பிள்ளை வாய் திறக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? முறை கெட்டது என் யோசனையால்தான். அதனால்தான் உன்னோடு வாதாடாமல் விலகிக்கொள்கிறேன். ரூத்துக்கு என் ஆசீர்வாதம்.

உன் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். காப்பிச் செடி கிளை ஒடியக் காய்க்கட்டும். லுபேகாவின் மனைவிக்கு என் மன்னிப்பைச் சொல். பசுவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
இனிமேல் வெறும் அக்கா,
நபோசா.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது நன்கியா கூப்பிட்டாள். நீ சொன்னதையும் நான் எழுதியதையும் அவளிடம் சொன்னேன். "அத்தை, என் சிநேகிதிங்க மாப்பிள்ளை எல்லாம் சென்கா கையைப் பிடிச்சு இழுத்தப்புறம்தான் எழுந்தாங்க. எனக்கு மட்டும்தான், ஊரு முழுக்கச் சிரிக்கிற எடத்துல ஒருத்தன் தானா எழுந்து 'நான்தான்'னு சொன்னான். அது உங்களாலதான் அத்தை" என்றாள். நான் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், சந்தோஷமாகத்தான். நீயும் வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாயாமே, உன் மனைவி பார்த்திருக்கிறாள். ஆகையால் மேலே எழுதிய ராஜினாமாவைக் கிழித்துப் போடு. சென்கா வேலை காலியில்லை என்று ரூத்திடம் சொல்லிவிடு.